கோணலால் என்ன பிரயோசனம்? ஒளி, கடல், வானொலி எல்லாம் சேர்த்துக் கேட்கிறன்

#1 · கொட்டாஞ்சேனைப்பெடியன்

எல்லாருக்கும் வணக்கம். நான் உயர்தரம், கணிதப் பிரிவு. அலைகள் பாடத்தில தெறிப்புக்குக் கணக்கு இருக்கு, முறிவுக்கு (refraction) கணக்கு இருக்கு, நிலையலைக்குப் பக்கம் பக்கமாக் கணக்கு இருக்கு. கோணல் (diffraction, விளிம்பில அலை வளைஞ்சு விரியிறது) வந்தா மட்டும் "இடுக்கால போற அலை விரியும்" எண்டு ரியூசன்ல அரைப் பக்கத்தில முடிச்சிட்டினம். ஒளி ஒரு அலை எண்டு காட்டுறதுக்கு மட்டும்தான் இதைப் படிக்கிறமா, இல்லாட்டி உண்மையா இதை வச்சு யாராவது ஏதாவது செய்யினமா?

இணையத்தில தேடினா முதல்ல வாறது டி.என்.ஏ. படம். கறுப்புப் புள்ளியெல்லாம் புள்ளடி (X) மாதிரி இருக்கு. அதைப் பார்த்து எப்பிடி மூலக்கூறின்ர வடிவம் சொன்னவை எண்டு சுத்தமா விளங்கேல்லை.

#2 · நெய்யரி

தம்பி, அரைப் பக்கத்தில முடிச்சவையைக் குறை சொல்ல மாட்டன், பரீட்சைக்கு அவ்வளவுதான் வரும். ஆனா முக்கியமான ஒண்டை அந்த அரைப் பக்கம் விட்டிருக்கும். கோணலை வச்சு அளக்கலாம். அதுவும் கண்ணால பார்க்க ஏலாததை.

எப்பிடியெண்டா, தடை எவ்வளவு சின்னனோ கோலம் அவ்வளவு பெருசா விரியும். தலைகீழ் விகிதம். சின்னதைப் பார்க்க ஏலாத எங்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

ஒரு தலைமயிரை எடுத்து சிவப்பு லேசர் கதிருக்குக் குறுக்க ஒட்டுங்கோ. இரண்டு மீற்றர் தள்ளிச் சுவர். சுவரில மயிரின்ர நிழல் விழாது. நடுவில ஒரு பிரகாசமான பட்டை, இரண்டு பக்கமும் இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி வரும். ஒரு இருட்டில இருந்து அடுத்த இருட்டு வரைக்கும் சாதாரண அடிமட்டத்தால அளவுங்கோ. (நடுப்பட்டையை அளக்காதேங்கோ, அது இரண்டு மடங்கு அகலம்.) மயிரின்ர தடிப்பு = அலைநீளம் × சுவருக்குத் தூரம் ÷ அந்த இடைவெளி. லேசர் 650 நானோமீற்றர், இடைவெளி 1.9 சென்ரிமீற்றர் எண்டால் மயிர் 68 மைக்கிறோமீற்றர். மில்லிமீற்றர் கோடு போட்ட அடிமட்டத்தால மில்லிமீற்றரில பதினஞ்சில ஒரு பங்கை அளந்திட்டீங்கள். லேசரை நேர பார்க்கக் கூடாது, தங்கச்சி தம்பிமாரை அந்தப் பக்கம் விடவும் கூடாது.

மயிர் அடைச்ச மாதிரியே அதே அகலப் பிளவும் கோலம் போடும் எண்டது பபினேயின்ர விதி. மெல்லிய கம்பியின்ர விட்டத்தை இப்பிடித் தொடாமலே அளக்கலாம்.

இனி அணுவுக்கு வாங்கோ. அணுக்களுக்கு இடையில நானோமீற்றரில மூண்டில ஒரு பங்கு, நாலில ஒரு பங்கு தூரம். கண்ணுக்குத் தெரியிற ஒளி 400 முதல் 700 நானோமீற்றர். அந்த ஒளிக்கு அணு இருக்கிறதே தெரியாது. அலைநீளம் அந்த இடைவெளியோட ஒத்துப் போக வேணும். எக்ஸ்-கதிர் அப்பிடியானது. 1912 இல் மியூனிக்கில மாக்ஸ் பொன் லாவுவே சொன்ன யோசனைப்படி பிரிட்ரிக், நிப்பிங் எண்ட இரண்டு பேர் செப்புச் சல்பேற்றுப் பளிங்கில எக்ஸ்-கதிரை விட்டவை. தட்டில புள்ளிகள் விழுந்தது. எக்ஸ்-கதிர் அலைதான், பளிங்குக்குள்ள அணுக்கள் வரிசையாத்தான் இருக்கு, இந்த இரண்டும் ஒரே தட்டில நிரூபணம். அதை எப்பிடிக் கணக்காக்கிறது எண்டு தகப்பனும் மகனுமா பிராக் இரண்டு பேரும் காட்டிச்சினம். 1915 நோபல் வரேக்க மகனுக்கு 25 வயசு.

எங்கட ஆய்வுகூடத்தில நான் அடிக்கடி பார்க்கிறது போகல, கஹட்டகஹ சுரங்கங்களின்ர காரீயம் (graphite). தூளாக்கி, தட்டில அமத்தி, கருவிக்குள்ள வச்சால் 26.5 பாகையில ஊசி மாதிரி ஒரு முனை எழும்பும். அது படைகளுக்கு இடையில 0.335 நானோமீற்றர் எண்டதின்ர கையெழுத்து. அதே காரீயத்தை ஒட்சியேற்றிப் போட்டுத் திரும்ப வச்சா முனை பத்துப் பதினொரு பாகைக்கு இறங்கியிருக்கும். படை விலகியிட்டுது எண்டு அர்த்தம். தூளை மட்டும் பார்த்தா இதெல்லாம் தெரியாது.

டி.என்.ஏ.க்குப் பிறகு வாறன், அதுக்கு நேரம் வேணும்.

#3 · நீலக்கல்

நான் பௌதிகம் படிக்காத ஆள், கல் வியாபாரம். ஆனா சட்டைப் பையில எப்பவும் கோணல் கிடக்குது. கைக்கு அடக்கமான திருசியமானி, விரல் நீளம்தான் வரும், உள்ளுக்கு நெய்யரித் தகடு, அதாவது மிக நெருக்கமாக் கோடு கீறின தகடு. கல்லுக்குப் பின்னால வெளிச்சத்தைப் பிடிச்சு இதுக்குள்ளால பார்த்தா வானவில் ஒண்டு விரியும், அதில கறுப்புக் கோடுகள் எங்க விழுது எண்டு பார்க்கிறதுதான் வேலை. மாணிக்கம் எண்டா சிவப்பு ஓரத்தில, 694 நானோமீற்றர் பக்கம் நெருங்கின இரட்டைக் கோடு. அது குரோமியம். சிவப்புக் கண்ணாடியைக் கொண்டுவந்து மாணிக்கம் எண்டு நீட்டினா அந்தக் கோடு வராது.

அரியத்தில செய்த திருசியமானியும் இருக்கு. அதில சிவப்பெல்லாம் ஒரு மூலையில ஒடுங்கிக் கிடக்கும், நீலம் தேவைக்கு மேல விரியும். நெய்யரியில எல்லா நிறமும் ஒரே சீரா விரியிறதால சிவப்புக் கோடு பார்க்க எனக்கு இதுதான் வசதி. வெளிச்சம் கொஞ்சம் மங்கல், அது ஒரு குறை.

ஆனா ஒண்டு, செயற்கை மாணிக்கத்திலயும் அதே குரோமியம்தான், அதே கோடுதான். கோட்டைப் பார்த்து சுரங்கக் கல் எண்டு சத்தியம் பண்ணுறவனிட்டக் கல் வாங்காதேங்கோ. அதுக்கு உள்ளடக்கங்களை நுணுக்குக்காட்டியில பார்க்க வேணும்.

ஒப்பல் கல்லில திருப்பத் திருப்ப நிறம் மாறுதே, அதுவும் கோணல்தானே அக்கா?

#4 · நெய்யரி

ஓம் அண்ணை, அதுவேதான். ஒப்பலுக்குள்ள சிலிக்கா உருண்டைகள் ஒரே அளவில வரிசையா அடுக்கி இருக்கு. உருண்டை ஒண்டு ஏறக்குறைய 150 முதல் 300 நானோமீற்றர். அந்த அடுக்கு கண்ணுக்குத் தெரியிற ஒளிக்கு, பளிங்கு எக்ஸ்-கதிருக்குச் செய்யிறதையே செய்யுது. 1964 இல் அவுஸ்திரேலியாவில இலத்திரன் நுணுக்குக்காட்டியால பார்த்துத்தான் இதைக் கண்டுபிடிச்சவை. உருண்டைகள் கண்டபடி கிடந்தா அது நிறம் காட்டாத வெறும் வெள்ளை ஒப்பல், விலையும் இல்லை.

#5 · துறைமுகத்தார்

கோணல் என்றவுடன் எல்லோரும் ஒளிக்குப் போய்விடுகிறீர்கள். பிள்ளைகள் இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கடலைப் பார்க்க வேண்டும். துறைமுக நிர்மாணத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற வகையில் எழுதுகிறேன்.

கொழும்பு இயற்கைத் துறைமுகம் அல்ல. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கப்பல்கள் திறந்த கடலில் ஆடிக்கொண்டு நிற்கும். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் முதற்கல் வைத்து, 1885 இல் தென்மேற்கு அலைதடுப்பு முடிந்த பிறகுதான் இது துறைமுகமாயிற்று. சுவர் கட்டிவிட்டால் பின்னால் கடல் குளம்போலக் கிடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கிடக்காது. அலை சுவரின் முனையைச் சுற்றி உள்ளே வளைந்து வரும். நிழல் எல்லை என்று நாம் கோடு கீறும் இடத்தில் அலையின் உயரம் வெளியே உள்ளதில் ஏறத்தாழ அரைவாசி இருக்கும். சக்தி என்று பார்த்தால் காற்பங்கு. உள்ளே போகப் போகக் குறையும். கப்பலை எங்கே கட்டுவது, இறங்குதுறை எந்த மூலையில் அமைவது, வாயில் எவ்வளவு அகலம் என்பதெல்லாம் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. 8 செக்கன் இடைவெளியில் வரும் அலைக்கு ஆழ்கடலில் ஏறத்தாழ 100 மீற்றர் நீளம். துறைமுக வாயிலும் சில நூறு மீற்றர்தான். அலைநீளத்தோடு ஒப்பிடக்கூடிய வாயில், ஆகவே நன்றாகவே விரியும்.

சுவையான விடயம், இந்தக் கணக்கை முதலில் போட்டவர் கடலைப் பற்றி யோசிக்கவே இல்லை. 1896 இல் சொமர்பெல்ட் என்ற ஜெர்மானியர் கத்தி விளிம்பில் ஒளி எப்படி வளைகிறது என்று தீர்த்தார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு பென்னி, பிறைஸ் என்ற இருவர் அதே தீர்வை எடுத்து அலைதடுப்புக்குப் பொருத்தினார்கள். நாங்கள் பயன்படுத்திய கோணல் வரைபடங்களுக்கு மூலம் அதுதான். இன்று கணினி மாதிரிகள் வந்துவிட்டன. ஆனாலும் மாதிரி சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க முதலில் போட்டுப் பார்ப்பது அந்தப் பழைய கணக்கைத்தான்.

பூச்செண்டு மாதிரி முனையில் இருந்து விரியும் வட்ட அலைகளை உயரமான கட்டடம் ஒன்றில் இருந்து காலையில் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

#6 · கொட்டாஞ்சேனைப்பெடியன்

ஐயா, இதை ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. ஒரு கேள்வி. சுனாமி கிழக்கில இருந்துதானே வந்தது? பெரலியவில ரயில் அடிபட்டது தென்மேற்குக் கரை. அதுவும் கோணலா?

#7 · துறைமுகத்தார்

ஆம், 2004 டிசம்பர் 26. சுமாத்திராவுக்கு அப்பால் எழுந்த அலைக்கு நேர் எதிரே கிடந்தது கல்முனை, மட்டக்களப்பு, முல்லைத்தீவு. பெரலிய தீவின் முதுகுப் பக்கம். கோட்டையில் இருந்து காலிப் பக்கம் போன ரயில் முதல் அலையில் நின்றுவிட்டது. சனம் ரயில்தான் பாதுகாப்பு என்று ஏறிக்கொண்டது. அடுத்த அலை ரயிலையே புரட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அந்தக் கரை நிழலில் இருந்த கரை. இந்தியாவின் மேற்கில் கேரளக் கரையும் அப்படித்தான், அங்கேயும் உயிரிழப்பு.

தீவு மறைத்துவிடும் என்று நினைப்பது சுனாமிக்குப் பொருந்தாது. 4000 மீற்றர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல் ஓடும், ஒரு முடியில் இருந்து அடுத்த முடி வர இருபது முதல் நாற்பது நிமிடம். பெருக்கிப் பாருங்கள், அலைநீளம் இருநூறு கிலோமீற்றருக்கு மேல். இலங்கையின் அகலமே ஏறத்தாழ 220 கிலோமீற்றர். அலைநீளத்தின் அளவே உள்ள தடைக்குப் பின்னால் நிழல் விழாது.

#8 · நெய்யரி

ஐயா சொன்னதில ஒரு இடத்தில மட்டும் நான் கொஞ்சம் மறுப்பன். சுனாமி தெற்கு முனையைச் சுற்றினதுக்குப் பெரும்பங்கு முறிவு. கரைக்குக் கிட்ட ஆழம் குறையக் குறைய அலை வேகம் குறையும், அதனால அலைமுகம் கரையைப் பார்த்துத் திரும்பும். கோணலும் சேர்ந்தது, மாலைதீவிலயும் இந்தியக் கரையிலயும் தெறிச்சு வந்த அலையும் சேர்ந்தது. எல்லாத்தையும் கோணலின்ர தலையில கட்டினா ஆழ வரைபடம் ஏன் தேவை எண்டு பெடியன் கேட்பான்.

#9 · துறைமுகத்தார்

பங்கு பிரிப்பதில் எனக்கு வாதம் இல்லை, பிள்ளை. ஆழம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தாலும் முதுகுப் பக்கம் தப்பியிருக்காது என்பதுதான் நான் சொல்வது. கரையோர மக்களுக்குத் தெரிய வேண்டியதும் அதுதான்.

#10 · பழையவானொலி

நடுவில புகுந்ததுக்கு மன்னிக்கவும். இலங்கை வானொலியை அந்தக் காலத்தில தமிழ்நாடு முழுக்கக் கேட்டதும் இந்தக் கோணலாலதானே? பூமி உருண்டை, வளைஞ்சு போனாத்தானே கேட்கும்?

#11 · நெய்யரி

சிற்றலையில தூர நாடுகளுக்குப் போனது அயனமண்டலத்தில பட்டுத் திரும்பி வந்த அலை. அது கோணல் இல்லை. மத்திய அலை வேற. 1000 கிலோஹேட்ஸ் எண்டா 300 மீற்றர் நீளம், அது பகலில நிலத்தை ஒட்டிப் போகும். பூமியின்ர வளைவைச் சுற்றுறதில கோணலுக்குப் பங்கு இருக்கு, உப்புத் தண்ணி நல்ல கடத்தி எண்டதால கடலுக்கு மேல இன்னும் தூரம் போகும். எப்.எம். 3 மீற்றர். அதுக்கு மலை ஒண்டு குறுக்க வந்தா அலைநீளத்தோட பார்க்க மலை மிகப் பெருசு, நிழல் நல்லா விழும். ஹற்றன் பக்கம் பஸ்ஸில போகேக்க வளைவுக்கு வளைவு பாட்டு அறுந்து அறுந்து வாறது அதாலதான். ஒலிபரப்புக் கோபுரம் எங்க வைக்கிறது எண்டு தீர்மானிக்கிறவை மலை உச்சியைக் கத்தி விளிம்பு எண்டு எடுத்துத்தான் கணக்குப் போடுவினம். ஐயா சொன்ன அதே சொமர்பெல்ட் வழிக் கணக்கு.

#12 · அடையாறுக்காரன்

சென்னையிலிருந்து படிக்கிறேன், நல்ல இழை. எங்க ஊர்ல இதை விளிம்பு விளைவுன்னு படிச்சோம். நம்ம ஆளுங்க பேரை யாரும் சொல்லலையே!

சி.வி. ராமனோட முதல் ஆய்வுக்கட்டுரையே இதுதான். 1906, லண்டன்ல வர்ற 'பிலசாபிகல் மேகசின்'. செவ்வகத் துளையில ஒளி சாய்வா விழுந்தா வர்ற பட்டைகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லைன்னு கவனிச்சிருக்கார். அப்போ மாநிலக் கல்லூரி மாணவர், வயசு 18. முப்பது வருஷம் கழிச்சு பெங்களூர்ல நாகேந்திர நாத்தோட சேர்ந்து, திரவத்துல ஓடுற மீயொலியே ஒளிக்கு நெய்யரி மாதிரி வேலை செய்யறதுக்குக் கோட்பாடு எழுதினார். லேசர் கதிரை வேகமாத் திருப்பறதுக்கும் அணைச்சு ஏத்தறதுக்கும் இன்னைக்கும் அந்த விளைவைத்தான் பயன்படுத்தறாங்க.

இன்னொருத்தர் ஜி.என். ராமச்சந்திரன். 1954, சென்னைப் பல்கலைக்கழகம், கூட கோபிநாத் கர்த்தா. நம்ம தோல், எலும்பு, தசைநார் எல்லாத்துலயும் இருக்கிற கொலாஜன் மூணு புரி முறுக்குன்னு எக்ஸ்-கதிர் படத்தை வெச்சுச் சொன்னாங்க. மாதிரிக்கு எடுத்தது கங்காரு வால் தசைநார். அதைக் கொடுத்தது பக்கத்துலயே இருக்கிற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். கிண்டியில சும்மா தோல் பதனிடறாங்கன்னு நினைச்சிட்டிருந்தேன்.

2009ல ரைபோசோம் அமைப்புக்காக நோபல் வாங்கின வெங்கி ராமகிருஷ்ணன் சிதம்பரத்துல பிறந்தவர். அதுவும் எக்ஸ்-கதிர்ப் பளிங்குதான்.

#13 · தெகிவளைவில்லை

எல்லாரும் கோணலைப் புகழுறீங்கள், படம் பிடிக்கிறவனிட்டக் கேளுங்கோ. எல்லாம் கூர்மையா வரட்டும் எண்டு வில்லைத் துவாரத்தை f/22 வரைக்கும் (எண் கூடக் கூடத் துவாரம் சின்னன்) ஒடுக்கினா முழுப் படமும் மங்கல். துவாரம் சின்னனானா ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய 30 மைக்கிறோமீற்றர் வட்டமா விரியும், கமராவின்ர படப்புள்ளியோ நாலஞ்சு மைக்கிறோமீற்றர்தான். காசைக் கொட்டி நல்ல வில்லை வாங்கினாலும் தப்பேலாது. நான் f/8, f/11 தாண்டிப் போறதில்லை.

பிரயோசனம் எண்டு ஒண்டு சொல்லலாம்: தெருவிளக்கில இருந்து நட்சத்திரக் கதிர் பிரியிற படம். துவாரத்தில ஆறு தகடு எண்டா ஆறு கதிர், ஏழு எண்டா பதினாலு. வெப் விண்வெளித் தொலைகாட்டிப் படங்களில ஒவ்வொரு விண்மீனுக்கும் ஆறு பெரிய முள்ளும் இரண்டு சின்ன முள்ளும் இருக்கே, அதுவும் அறுகோணக் கண்ணாடியும் தாங்குகம்பியும் போடுற கோணல்தான். ஹபிளுக்கு நாலு முள். படத்தைப் பார்த்த உடன எந்தத் தொலைகாட்டி எண்டு சொல்லலாம்.

#14 · நெய்யரி

வில்லை அண்ணையின்ர கோபம் நியாயம். 1873 இல் அபே சொன்ன எல்லை அதுதான், சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியால ஏறக்குறைய 200 நானோமீற்றருக்குக் கீழ பிரிச்சுப் பார்க்கேலாது. அதைத் தாண்ட வழி கண்டவைக்கு 2014 நோபல். தொலைகாட்டியின்ர கண்ணாடியை 2.4 மீற்றரில இருந்து 6.5 மீற்றருக்குப் பெருப்பிக்கிறதுக்கும் இது ஒரு காரணம்.

சரி, தம்பி கேட்ட டி.என்.ஏ. படம். 1952 மே, லண்டன் கிங்ஸ் கல்லூரி. ரோசலின்ட் பிராங்க்ளினின்ர ஆய்வுகூடத்தில அவவின்ர மாணவர் ரேமண்ட் கொஸ்லிங் எடுத்தது, 51 ஆம் இலக்கப் படம். நீங்கள் புள்ளடி எண்டு சொன்னதே பாதி விடை. முறுக்கின கம்பி ஒண்டைப் பக்கத்தில இருந்து பாருங்கோ, ஒரு சரிவு ஏறுது, மற்றச் சரிவு இறங்குது. ஒவ்வொரு சரிவும் தனக்குச் செங்குத்தா ஒரு கையை விரிக்கும், இரண்டு கையும் சேர்ந்தா புள்ளடி. அப்ப சுருளி.

புள்ளடியில படிக்கட்டு மாதிரி கோடுகள் சம இடைவெளியில இருக்கும். அதில இருந்து ஒரு முழுச் சுற்று 3.4 நானோமீற்றர். மேலயும் கீழயும் ஓரத்தில தடிச்ச கறுப்பு இருக்கே, அது 0.34 நானோமீற்றர், அடுத்தடுத்த மூலங்களுக்கு (bases, சுருளிக்குள்ள இருக்கிற படிகள்) இடைத்தூரம். வகுத்தா ஒரு சுற்றுக்குப் பத்து. மயிருக்குச் சொன்ன தலைகீழ் விகிதம்தான் இங்கயும், படத்தில தூர இருக்கிறது மூலக்கூறில கிட்ட இருக்கிறது. அதோட நாலாவது கோடு இல்லை. ஒரு கோடு இல்லாததும் தகவல்தான்: இரண்டு புரி இருக்கு, ஒண்டுக்கொண்டு சரி பாதியில இல்லாமல் தள்ளி இருக்கு, நாலாவது இடத்தில ஒண்டை மற்றது அழிக்குது.

ஆனா படத்தில இருந்து நேர வடிவம் வராது. தட்டில பதியிறது செறிவு மட்டும், அலை எந்த அவத்தையில (முடியா, பள்ளமா) வந்தது எண்டது தொலைஞ்சு போகும். பாதித் தகவல் இல்லை. அதாலதான் மாதிரி கட்டிப் பார்க்க வேண்டி வந்தது. பெருசாப் போகப் போக இது தலையிடி. மாக்ஸ் பெருட்ஸ் ஈமோகுளோபினில பார அணுக்களை ஒட்டி, ஒட்டினதுக்கும் ஒட்டாததுக்கும் உள்ள வித்தியாசத்தில இருந்து அவத்தையைப் பிடிச்சார். டொரதி ஹொட்ஜ்கின் பெனிசிலினை 1945 இல முடிச்சா, இன்சுலினை 1969 இல. இன்சுலின் படத்தை முதல்ல எடுத்தது 1935 இல! அந்த முப்பத்து நாலு வருசத்தை நினைச்சா எனக்கு ஆய்வுகூடத்தில ஒரு கிழமை தாமதம் எண்டு முறைப்பாடு சொல்ல வாய் வராது.

பிராங்க்ளின் 1958 இல 37 வயசில செத்திட்டா. 1962 நோபல் அந்த மாதிரியைக் கட்டின வட்சன், கிரிக், கிங்ஸ் கல்லூரியில இருந்த வில்கின்ஸ் மூண்டு பேருக்கும்.

#15 · நீலக்கல்

இலத்திரனையும் இப்பிடி அலையா விடலாம் எண்டு மகன் சொல்லுறான், உண்மையோ?

#16 · நெய்யரி

உண்மை அண்ணை. 1927 இல் டேவிசனும் ஜேர்மரும் நிக்கல் பளிங்கில இலத்திரனை விட்டுப் பார்த்திச்சினம், எக்ஸ்-கதிர் மாதிரியே முனை வந்தது. நியூத்திரனும் அப்பிடித்தான். எக்ஸ்-கதிருக்கு ஐதரசன் கிட்டத்தட்டக் கண்ணுக்குத் தெரியாது, நியூத்திரனுக்கு நல்லாத் தெரியும். எதைப் பார்க்க வேணுமோ அதுக்கு ஏத்த அலை. செவ்வாயில இறங்கின கியூரியோசிற்றிக்குள்ளயும் ஒரு குட்டி எக்ஸ்-கதிர்க் கோணல் கருவி இருக்கு. 2012 இல அங்கத்தை மண்ணை வச்சுப் பார்த்திட்டு, ஹவாய் எரிமலை மண் மாதிரி எண்டு சொன்னவை.

#17 · கொட்டாஞ்சேனைப்பெடியன்

அக்கா, மயிர் பரிசோதனை செய்தன், வந்தது. பிறகு சீடியில லேசரை அடிச்சன். ஒரு மீற்றர் தள்ளிச் சுவர், நடுப் புள்ளியில இருந்து 44, 45 சென்ரிமீற்றர் தூரத்தில அடுத்த புள்ளி, இன்னும் வெளியில இன்னொண்டு. டிவிடியில முதல் புள்ளி மிச்சம் தூரத்தில வருது, இரண்டாவது புள்ளியை எங்க தேடியும் காணேல்லை. லேசர் பத்தாதா?

#18 · நெய்யரி

லேசரில பிழை இல்லை. சீடியில தடங்களுக்கு இடையில 1.6 மைக்கிறோமீற்றர். 0.65 ஐ 1.6 ஆல் வகுத்தா 0.41, அந்தச் சைனுக்குக் கோணம் 24 பாகை. ஒரு மீற்றரில 44.5 சென்ரிமீற்றர், உங்கட அளவு சரி. இரண்டாவதுக்கு சைன் 0.81, 54 பாகை. டிவிடியில தடம் 0.74 மைக்கிறோமீற்றர்தான். முதலாவதுக்கே சைன் 0.88, 61 பாகை. இரண்டாவதுக்கு 1.76 வரும். சைன் ஒண்டுக்கு மேல போகாது, அதால அந்தப் புள்ளி எங்கயும் இல்லை. பச்சை லேசர் 532 எடுத்தாலும் 1.44, அப்பவும் இல்லை.

#19 · நீலக்கல்

தம்பி, திருசியமானி செய்ய வேணுமெண்டா சீடியின்ர வெள்ளித் தகட்டைப் பசை நாடா ஒட்டி உரிச்சு எடுங்கோ, மிஞ்சுற பிளாஸ்திக்கே நெய்யரி. டிவிடியை நடுவால பிளந்தாலும் சரி, விரிவு கூட. வெத்துத் தட்டு புறக்கோட்டையில இன்னும் கிடைக்குது, பெட்டியா வாங்காதேங்கோ, உதிரியாத் தருவினம்.